தேனீக் கூட்டத்துக்குத் தீ வைக்காதீர்கள். பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். என் வளவில் இருக்கும் நான்கு தேனீப் பெட்டிகளில் ஒன்று பிரிந்து, ஒரு கூட்டம் பக்கத்து வீட்டு வேம்பில் போய்த் தொங்கியிருக்கிறது. நான் அந்த நேரம் ஜும்ஆவுக்கு நயினாதீவு போயிருந்தேன். தொழுகை முடிந்து போனைப் பார்த்தால் அந்த வீட்டு அக்காவின் மிஸ்ட் கோல். திருப்பி எடுத்தேன். "சேர், உங்கட தேனீயள் எங்கட வேம்பில தொங்குது, பிள்ளையள் முத்தத்தில நிக்குதுகள்" என்றார். ஒன்றும் செய்யாதீர்கள், வருகிறேன் என்றேன். குறிகட்டுவானில் இறங்கி நான் வந்து சேர எல்லாம் முடிந்திருந்தது. யாரோ தடியில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள். தப்பிய தேனீக்கள் ஒரு சின்னப் பிள்ளைக்கு மூன்று இடத்தில் கொட்டிவிட்டன. பிள்ளை இப்போது சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

இதை வைத்து "இனி வீட்டு வளவுகளில் பெட்டி வைக்கவே விடக்கூடாது" என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பிழை. வேம்பும் முருங்கையும் பனம்பாளையும் பூக்கிற இந்த மாதங்களில் பெட்டி நிறைந்துவிடும். இடம் நெருங்கியதும் பழைய ராணி பாதிச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறும். அது திடீரென்று நடப்பதில்லை. வதையின் கீழ் விளிம்பில் கச்சான் கோது மாதிரி ராணி அறைகள் தொங்கத் தொடங்கும். முட்டையிலிருந்து புது ராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள். அதில் பாதி நாளில் அறை மூடப்படும், அதோடு பழைய ராணி புறப்படத் தயார். ஆகவே இந்தக் காலத்தில் வாரம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். நான் நோன்பைச் சாட்டி, பிறகு தவணைப் பரீட்சையைச் சாட்டி, மூன்று வாரம் திறக்கவில்லை. ஒரு பெட்டி இருந்தபோது தினமும் போய்ப் பார்த்தவன்தான். நான்கானதும் "அதுகள் தங்கட பாட்டில இருக்கும்" என்று நினைத்துவிட்டேன். பெட்டி கூடினால் வேலையும் கூடும் என்பதை வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கே யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

ராணி அறையைக் கண்டால் பிடுங்கி எறிந்துவிட்டு மூடுபவர்கள் இருக்கிறார்கள். அது போதாது, திரும்பக் கட்டும். பழைய ராணியை முட்டை, குஞ்சு, தேன் உள்ள இரண்டு மூன்று சட்டங்களோடு வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய பெட்டியில் நல்ல அறை ஒன்றை மட்டும் விடுங்கள். பலதை விட்டால் இரண்டாம் கூட்டம், மூன்றாம் கூட்டம் என்று பிரிந்து கடைசியில் பெட்டியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சொந்தங்கள் அனுப்பும் வீடியோக்களை அப்படியே செய்யாதீர்கள். அங்கே வளர்ப்பது வேறு இனம். எங்களுடையது சிறிய தேனீ, கூட்டமும் சிறிது. எறும்பு ஏறினாலும் பூக் குறைந்தாலும் பெட்டியையே விட்டுப் போய்விடும். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கிறது. இந்த நாட்டுத் தேனீயைத் தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் எங்களுக்கு உதவும்.

இனி மற்றப் பக்கம். கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டத்துக்குக் காவல் காக்கக் குஞ்சும் இல்லை, தேனும் இல்லை. புறப்படும்போதே வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்தவை. சில தேனீக்கள் பொந்து தேடிப் போயிருக்கும், அவை வரும்வரை மற்றவை காத்திருக்கும். சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில், தானாகவே போய்விடும். சும்மா விட்டால் அனேகமாகக் கொட்டாது. நெருப்பைக் காட்டினால் கொட்டும். வெள்ளிக்கிழமை நடந்தது அதுதான்.

பயத்துக்குக் காரணம் செய்திகளும்தான். சிகிரியாவில், தேயிலைத் தோட்டங்களில் "குளவிக் கொட்டு" என்று வாசிக்கிறோம். சிகிரியாப் பாறையில் வதை கட்டியிருப்பது குளவியே அல்ல, பெருந்தேனீ. அது ஆபத்தானதுதான், அதற்குக் கிட்டப் போக வேண்டாம். ஆனால் அதையும் குளவியையும் எங்கள் பெட்டித் தேனீயையும் ஒரே பெயரில் அழைத்தால் எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தான் பதிலாகும். எதுவாக இருந்தாலும், கொட்டு வாங்கியவருக்கு மூச்சு முட்டினால் அல்லது முகம் வீங்கினால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பெட்டிகளைத் தடை செய்தால் தேனீ இல்லாமல் போகாது. இடம்பெயர்வுக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சுவர் வெடிப்பிலும் கூரையிலும் எத்தனை கூடு இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். (பூட்டிய வீடு எனக்கும் தெரியும், 1990 இல் நாங்களும் பூட்டிவிட்டுப் போன சனம்தான்.) அவையும் இந்தக் காலத்தில் பிரியும். பெட்டி வைத்திருப்பவர் ஊரில் இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தை யார் வந்து எடுப்பது?

ஆனால் எதிர்ப்பவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வேலியோரம், பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு பெட்டி அதிகம். இரண்டைப் பின்னால் உள்ள பனங்காணிக்கு மாற்றுகிறேன், காணிக்கார ஐயா சம்மதித்துவிட்டார். தேன் குறையும், பரவாயில்லை. வெயில் ஏற உங்கள் கிணற்றடிக்குத் தேனீ வருவதும் எனக்குத் தெரியும். நல்ல தண்ணீருக்கு நாங்களே அலையும் தீவில் அதுகளும் அலையத்தானே செய்யும். பொச்சுமட்டை மிதக்கவிட்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பெட்டி வைத்திருக்கும் மற்றவர்களும் வையுங்கள்.

சட்டம் போட்ட வெற்றுப் பெட்டி ஒன்று என் விறாந்தையில் இருக்கிறது. எங்கே கூட்டம் தொங்கினாலும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். நான் பாடசாலையில் நின்றால் என் மகன் வருவான், அவனுக்கும் பிடிக்கத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மட்டும் இன்னும் ஒரு ஆள் வேண்டும். பழக விருப்பமான இளைஞர்கள் யாராவது இருந்தால் இந்தச் சனிக்கிழமை காலை வெயில் ஏற முன்னம் வீட்டுக்கு வாருங்கள், பெட்டி பிரிக்கப் போகிறேன்.