பழைய ப்ரொஜெக்டருக்கு எந்த எண்ணெய்?

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் கிடைக்காத பழைய சாமான் கிடையாது என்பார்கள். ஓடாத கடிகாரம், பாடாத ரேடியோ, மூடி தொலைந்த கேமரா... இவற்றுக்கு நடுவே ஒரு ஃபிலிம் ப்ரொஜெக்டர் கண்ணில் பட்டால் ரசிகர் சும்மா வருவாரா? பேரம் பேசி ஆட்டோவில் ஏற்றிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கைக்குக் கிடைத்த எண்ணெயை ஊற்றி ப்ளக்கைச் செருகுவது. ஐம்பது வருஷம் உழைத்த மெஷின் சாவது அந்த நிமிஷத்தில்தான்!

எண்ணெயில் அப்படி என்ன இருக்கிறது? மெஷினுக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும். ஃபிலிம் ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு படமும் லென்ஸ் முன் வந்து நின்று, பிறகு நகர வேண்டும். நொடிக்கு 24 தடவை. தியேட்டர்களில் இருந்த 35 எம்எம் மெஷின்களில் இந்த வேலையைச் செய்வது நான்கு பள்ளம் வெட்டிய ஒரு சின்னச் சக்கரம். மால்டீஸ் கிராஸ் என்று பெயர். அதைத் தட்டிவிடும் இன்னொரு சக்கரம் நிமிஷத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2 லட்சத்து 16 ஆயிரம் தட்டு. தாம்பரம் எம்.ஆர்., வித்யா, குரோம்பேட்டை வெற்றி மாதிரி தியேட்டர்களில் ஃபிலிம் ஓடிய காலத்தில் தினம் நான்கு காட்சி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை அடியையும் தாங்குவது எண்ணெய்ப் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

சரி, எதை ஊற்றக் கூடாது?

தேங்காய் எண்ணெய்: மார்கழியில் பாட்டிலுக்குள்ளேயே உறைகிற சமாச்சாரம். அதோடு எந்தச் சமையல் எண்ணெயும் நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

பைக், கார் எஞ்சின் ஆயில்: இதில் டிடர்ஜென்ட் கலந்திருக்கிறது. அழுக்கைக் கரைத்து எண்ணெயிலேயே மிதக்க வைப்பது அதன் வேலை. காரில் அந்த அழுக்கைப் பிடிக்க ஃபில்டர் இருக்கிறது. ப்ரொஜெக்டரின் எண்ணெய்ப் பெட்டியில் ஏது ஃபில்டர்? பல வருஷமாக அடியில் படிந்த கசடெல்லாம் கிளம்பி பல் சக்கரங்களுக்குள் சுற்றி வரும். அடிக்கடி மாற்றினால் எஞ்சின் ஆயிலே போதும் என்று வாதாடுபவர்களும் உண்டு. வருஷத்துக்கு இரண்டு நாள் ஓடும் மெஷினுக்கு யார் அடிக்கடி ஆயில் மாற்றப் போகிறார்கள்?

கியர் ஆயில்: பலவற்றில் கந்தகம் சேர்ந்திருக்கும். சில வகைகள் பித்தளை, வெண்கல புஷ்களை அரிக்கும்.

துரு நீக்கும் ஸ்ப்ரே: இறுகிய திருகைக் கழற்ற உதவும். கொஞ்ச நாளில் ஆவியாகிவிடும், அதை நம்பி ஓட்ட முடியாது.

அப்படியானால் எது சரி? முதல் பதில், அந்த மெஷினின் கையேடு என்ன சொல்கிறதோ அது. பல கம்பெனிகள் தங்கள் ப்ரொஜெக்டருக்கென்றே தனி எண்ணெய் விற்றன. கையேடு கிடைக்காவிட்டால், பெரும்பாலான பழைய 35 எம்எம் மெஷின்களுக்கு டிடர்ஜென்ட் சேராத மினரல் ஆயில், எஸ்ஏஇ 20 அல்லது 30 கனத்தில். ஆயில் கடையில் இந்தப் பெயர் எடுபடாது. ‘டர்பைன் ஆயில் 68’ அல்லது ‘100’ என்று கேளுங்கள். 68 என்பது ஏறக்குறைய எஸ்ஏஇ 20, 100 என்பது ஏறக்குறைய 30. வீட்டில் வைக்கும் 8, 16 எம்எம் குட்டி மெஷின்கள் வேறு ஜாதி. அவற்றில் ஃபிலிமை இழுப்பது ஒரு கொக்கி. அவற்றின் சின்ன பேரிங்குகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதையே 35 எம்எம் பெட்டியில் ஊற்றினால் தண்ணீர் மாதிரி ஓடி, இணைப்புகளில் கசிந்துவிடும்.

ஊற்றும் முன் பழைய எண்ணெயை வடித்து, காய்ந்த கிரீஸைச் சுரண்டி எடுக்க வேண்டும். மோட்டாரைப் போடாமல் கையால் நாலு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். அதிகம் ஊற்றுவதும் ஆபத்து. ஃபிலிமில் எண்ணெய் பட்டால் தூசி ஒட்டும், திரையில் கறை தெரியும், ஒலித்தடத்தில் பட்டால் சத்தமும் கெடும்.

காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்பது ஒரு எண். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே போனால், ஒரு நாள் புத்தகத்தில் மெஷினின் மதிப்பு ஒன்றுமில்லாமல் போகும். 2010க்குப் பிறகு டிஜிட்டல் வந்ததும் தியேட்டர்கள் செய்தது இந்தக் கணக்கைத்தான். கணக்கு சரி. ஆனால் 1905ல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பியதிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் தமிழர்களுக்கு சினிமா காட்டிய இயந்திரம், காயலான் கடை எடைக்குப் போவதும் பெயிண்ட் அடித்து வரவேற்பறையில் பொம்மையாக நிற்பதும்தான் மிச்சமா?

ஓடுகிற நிலையில் ஒரு மெஷினாவது இருந்தால்தான், மிச்சமிருக்கும் ஃபிலிமைத் திரையில் பார்க்க முடியும். அதற்கு ஆகும் எண்ணெய்ச் செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுக்குத்தான் வரும். விலைமதிப்பில்லாதது, எந்தத் துளையில் எத்தனை சொட்டு என்று தெரிந்தவரின் அனுபவம். அரசு லைசென்ஸ் வாங்கி, கேபின் சூட்டில் காலம் கழித்த ஆபரேட்டர்கள் இன்னும் இந்தப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டிருக்கிறது. மெஷின் வாங்கியவர்கள் ஆயில் கடைக்குப் போகும் முன் அவர்களில் ஒருவரைத் தேடிப் போகட்டும். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதியும் வைக்கட்டும்.