ஃபைட்டருக்கு ஜோடி தேவையா?



விடுதி அறைகளின் ஜன்னலோரம் எட்டிப் பாருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ சின்னக் கண்ணாடித் தொட்டியிலோ நீலமும் சிவப்புமாக வாலை விரித்தபடி ஒரு ஃபைட்டர் மீன் நிற்கும். அந்த அறைக்கு வருகிற அத்தனை பேரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாவம்டா, தனியாக் கெடக்கே, ஒரு ஜோடி வாங்கி விடக்கூடாதா?"

அந்தப் பரிதாபத்துக்கு நானும் ஒருமுறை ஆளானேன். மீன் கடைக்காரரிடம் கேட்டேன். "தனியாக் கெடந்தா ஏங்கிப் போயிரும் தம்பி. நாலு கப்பி போட்டு விடுங்க, பாக்க ஜோரா இருக்கும்" என்றார். "சரிண்ணே" என்று வாங்கி வந்து விட்டேன். மறுநாள் காலை இரண்டு கப்பி மிதந்தன. ஒன்றுக்கு வால் இல்லை. இன்னொன்று எகிறிக் குதித்துத் தரையில் காய்ந்து கிடந்தது. அறைத்தோழன் தலையில் அடித்துக்கொண்டான்: "மாப்ள, கம்பெனிக்குக் கூட்டிட்டு வந்து காவு குடுத்துட்டியேடா!"

அன்று முதல் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் பட்ட கருத்தை இங்கே வைக்கிறேன். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

முதலில் ஆள் யாரென்று தெரிந்துகொள்வோம். பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர். 1910-ல் ரீகன் வைத்தது. சொந்த ஊர் தாய்லாந்து. நம் மேலூர்ப் பக்கத்து வயல் போல, நெல் வயல்களிலும் ஆழமில்லாத ஓடைகளிலும் வாழ்வது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2011-ல் வந்த 'ஆடுகளம்' படத்தில் நம் மதுரைச் சேவல்களைப் பார்த்தோமே, அதே கதைதான். 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது.

இதற்குச் செவுளோடு கூடுதலாக ஒரு மூச்சு உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கும். நம் கண்மாயில் பிடிபடும் பனையேறி கெண்டைக்கும் இதே வசதி இருக்கிறது. இதனால்தான் கடையில் சின்ன பாட்டிலில் அடைத்து வைத்தாலும் ஃபைட்டர் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

சரி, தனியாக இருந்தால் ஏங்குமா? ஏங்காது என்பதே என் பதில். வளர்ந்த ஆண் ஃபைட்டர் கூட்டமாக வாழும் மீன் அல்ல. தனக்கென்று ஓர் எல்லை வகுத்து, அதற்குள் வருபவனை விரட்டுவது அதன் சுபாவம். அப்படியானால் ஏங்குவது யார்? வீட்டை விட்டு வந்து விடுதியில் கிடக்கும் நாம்தான்! நம் ஏக்கத்தை மீன் தலையில் கட்டி, அதன் தொட்டிக்குள் எதிரிகளைக் கொண்டுபோய் விடுகிறோம்.

நிற்க. பாலிடெக்னிக் மாணவர்கள் நாம். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? என் தொட்டி 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். பெருக்கினால் 12 லிட்டர். மீன் குதிக்காமலிருக்க மேலே 4 செ.மீ. விட்டால் 2.4 லிட்டர் போச்சு. அடியில் இரண்டரை செ.மீ. கூழாங்கல் போட்டால் இன்னொரு ஒன்றரை லிட்டர். மிச்சம் சுமார் 8 லிட்டர்! இதில் ஐந்து மீன். மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருகுவதற்கே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அத்தனை மீனும் விஷத்தில்தான் நீந்துகின்றன. ஒரு கம்பி எவ்வளவு பளு தாங்கும் என்று பார்த்து, அதற்கு மேல் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' வைக்கச் சொல்லித் தருகிறார்கள். தொட்டிக்கு மட்டும் அது கிடையாதா?

ஆகவே என் கட்சி இதுதான்: துணையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தண்ணீரை அளந்து பாருங்கள்.

20 லிட்டருக்குக் குறைவா? ஃபைட்டர் ஒன்றே போதும். கண் உறுத்தினால் ஒரு சின்ன நத்தை விடலாம். அதற்காகக் கண்மாய் நத்தையை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். ஒட்டுண்ணி கூடவே வரும். உயிருள்ள துணைதான் வேண்டுமென்றால் செடிகளே நல்ல துணை. மறைவும் கிடைக்கும், நைட்ரேட்டையும் உறிஞ்சும். நம் பள்ளிக்கூட வாசல்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் லேசாகத் தேநீர் நிறமாகும். ஃபைட்டருக்கு அது பிடித்தமானது.

45க்கு 30க்கு 30 செ.மீ. தொட்டியா? கல்லும் மேலிடைவெளியும் போகச் சுமார் 30 லிட்டர் தேறும். அப்போதுதான் துணையைப் பற்றி யோசிக்கவே வேண்டும். அடித்தளத்தில் ஊரும் கூலி லோச், அல்லது ஹார்லிகுவின் ரஸ்போரா. ஏதாவது ஒரு வகை மட்டும், ஆறு மீன்கள். இவை தென்கிழக்கு ஆசியாவின் வெதுவெதுப்பான தண்ணீரைச் சேர்ந்தவை; இவற்றுக்கு நீண்ட பகட்டு வாலும் கிடையாது. துணை மீன்களை முதலில் விட்டு, ஃபைட்டரைக் கடைசியில் விட வேண்டும். செவுள் மூடியை விரித்து ஓயாமல் விரட்டினால் பிரித்துவிடத் தயாராக இன்னொரு பாத்திரமும் வேண்டும்.

விடக்கூடாதவை எவை? இன்னொரு ஆண் ஃபைட்டர் கூடவே கூடாது. கப்பியின் வண்ண வாலைப் பார்த்தால் இவனுக்குப் போட்டிக்காரன் போலத் தெரியும். டைகர் பார்ப் இவன் வாலையே கடித்துக் குதறும். தங்கமீன் குளிர்நீர்க்காரன், கழிவும் அதிகம். நியான் டெட்ராவை வெளிநாட்டுப் புத்தகங்கள் சிபாரிசு செய்யும். ஆனால் சித்திரை வெயிலில் மதுரை அறையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுமே, அதற்கு அது தாங்காது. 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று விற்கும் சக்கர் மீனோ ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் என்ன செய்வோம்? இரவோடு இரவாகக் கண்மாயில் கொட்டுவோம். நம் நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிப்பதற்கு இப்படிப்பட்ட 'இரக்கம்'தான் காரணம். வண்டியூர் கண்மாய் நம் தொட்டியின் குப்பைக்கூடை அல்ல.

"தனியா ஒரு மீனைப் பார்த்துக்கிட்டே இருக்கிறதுல என்னடா சுவாரசியம்?" என்று நண்பன் கேட்டான். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். இலைக்கடியில் நுரைக்கூடு கட்டியதை முதலில் கண்டுபிடித்து என்னை எழுப்பியவன் அவன்தான்!

தோழர்களே, ஒரே அறையில் நான்கு பேரைப் போட்டால் நாம் வார்டனிடம் போய் முறையிடுகிறோம். மீனுக்கு வார்டன் நாம்தான். அடுத்த முறை கடையில் "ஜோடி போட்டு விடுங்க தம்பி" என்றால், "தொட்டியை அளந்துட்டு வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மிச்சமாகும் காசில் ஒரு டீ குடிக்கலாம்!

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்