வாயைப் பார்த்து வாங்காதீர்கள்

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர் முதலில் செய்கிற காரியம், அதை விரித்துக் கட்டைவிரலை வாயின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்ப்பதுதான். "நல்ல கூரு" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்துவிடுவார். கத்தி செய்கிறவனுக்கும் இது தெரியும். சுழலும் பெல்ட்டில் ஒரு நிமிடம் காட்டினால் எந்தத் தகரத்துக்கும் தாளை வகிரும் கூர் வந்துவிடும். கத்தியில் நாம் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளக்கூடியது கூர் ஒன்றுதான். நல்ல தீட்டுக்கல்லும் கொஞ்சம் பொறுமையும் போதும். கடையில் நின்று பார்க்க வேண்டியவை வேறு. ஒருமுறை கெட்டுப்போய் வந்தால் நம்மால் ஒருநாளும் சரிசெய்ய முடியாதவை அவை: இரும்புக்குப் பதமேற்றும் துவைச்சல், அலகின் கனம், ஆணி, பூட்டு.

விலை உயர்ந்த கத்தியில் இவையெல்லாம் ஓரளவு சரியாகவே இருக்கும். குறைந்த விலைக் கத்தியில்தான் சிக்கல். செய்கிறவன் எங்கேயாவது காசை மிச்சம் பிடித்தே ஆக வேண்டும். எங்கே மிச்சம் பிடித்தான் என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குகிறவனின் வேலை. இதில் என் அளவுகோல் ஒபினெல்.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோய் என்று ஒரு பகுதி. அங்கே கோடரியும் அரிவாளும் அடிக்கிற பட்டறைக் குடும்பத்தில் பிறந்த ஜோசஃப் ஒபினெல், 1890-இல், பதினெட்டு வயதில், ஒரு மடக்குக் கத்தி செய்தார். 1897-இல் அதையே 1 முதல் 12 வரை எண் போட்டுப் பன்னிரண்டு அளவுகளில் கொண்டுவந்தார். இன்று 1-ம் 11-ம் கிடையாது. அதிகம் விற்பது 8-ஆம் எண். அலகு எட்டரை சென்டிமீட்டர். பிரான்சில் அதன் விலை 15 யூரோவை ஒட்டித்தான். குடியானவர் சட்டைப்பையில் வைத்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்டிக்கொள்கிற கத்தி அது. பாரிசின் லா ஷப்பேலில் இருக்கும் உறவினர் ஒருவர் ஊருக்கு வரும்போதெல்லாம் சென்ட் பாட்டில் வாங்கி வருவார். அதற்குப் பதில் இதை வாங்கி வாருங்கள் என்று கேட்டு வாங்கியதுதான் என்னுடையது.

அதில் மொத்தமே ஐந்து உறுப்புகள். அலகு, மரப்பிடி, ஆணி, ஒரு நிலை வளையம், அதன்மேல் சுழலும் இன்னொரு வளையம். வில் கிடையாது, உள்தகடு கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. பிடி ஒரே துண்டு பீச் மரம். நடுவில் ரம்பத்தால் பிளந்த ஒரு கோடு. சுழல் வளையம் 1955-இல் அதே குடும்பத்து மார்செல் ஒபினெல் சேர்த்தது. அதைத் திருகினால் வளையத்தின் பிளவு நகர்ந்துபோய், விரித்த அலகு மடங்காமல் நிற்கும். 2000-லிருந்து மடக்கிய நிலையிலும் பூட்டலாம். மிச்சம் பிடித்தது எங்கே என்று கேட்டால் உறுப்புகளின் எண்ணிக்கையில். இருக்கிற ஐந்தையும் ஒழுங்காகச் செய்துவிட்டார்கள். ஒரு கையால் விரிக்க முடியாது, பார்வைக்கு மிரட்டலாக இருக்காது. இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை.

இதற்கு நேரெதிரான சரக்கைப் பார்க்க வேண்டுமானால் பாரிமுனைப் பக்கம் நடந்தால் போதும். அக்கா மகனோடு போயிருந்தேன். நடைபாதைக் கடை ஒன்றில் கறுப்பாக, பட்டையாக ஒரு கத்தியை எடுத்தான்.

"மாமா, இதைப் பாருங்க. கார் கண்ணாடி உடைக்க முனை, சீட் பெல்ட் அறுக்கக் கொக்கி, பின்னாடி விசில்கூட இருக்கு."

"மிலிட்டரி மாடல் சார்" என்றார் கடைக்காரர்.

வாங்கி விரித்தேன். பிடியை ஒரு கையில் இறுக்கி, அலகின் நுனிப்பக்கத்தை முதுகோடு சேர்த்து மறு கை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் ஆட்டினேன். பக்கவாட்டில் ஆடினால் குற்றம் ஆணியில். மேலும் கீழுமாக ஆடினால் குற்றம் பூட்டில். இது இரண்டுக்கும் ஆடியது. "ஸ்க்ரூவை டைட் பண்ணா சரியாயிடும் சார்" என்று அவரே ஸ்பானர் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் திருகித் தந்தார். இப்போது பக்கவாட்டில் ஆடவில்லை, ஆனால் அலகை நகத்தால் இழுத்தால் வரவே இல்லை. கால் சுற்றுத் தளர்த்தினால் மறுபடி லொடலொட. துளை ஒரு அளவு, ஆணி ஒரு அளவு என்றால் இப்படித்தான். எந்த ஸ்பானரும் அதற்கு மருந்தில்லை.

பூட்டு இன்னும் மோசம். இந்த வகைக் கத்திகளில் பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அலகை விரித்ததும் அது நகர்ந்து அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். தகட்டின் முனை முழுசாக அலகின் அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. மடங்கும் பாதையில் விரல் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். மடங்கிவிட்டது. பூட்டே இல்லாத கத்தியை நாம் ஜாக்கிரதையாகப் பிடிப்போம். பூட்டு இருக்கிறது என்று நம்பிப் பிடிக்கிற கத்திதான் விரலை எடுக்கும். விசிலுக்குச் செலவழித்த காசை ஆணிக்குச் செலவழித்திருக்கலாம். அக்கா மகன் ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டான்.

அலகின் கனத்தை அவன் கண்டுகொள்ளவே இல்லை. பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை, கனமான அலகு உறுதியானது என்று ஒரு நினைப்பு. முழ நீள அரிவாளுக்கு அது சரி. பழம், கயிறு, அட்டைப்பெட்டி என்று வெட்டுகிற கத்திக்கு மெல்லிய அலகுதான் லட்சணம். 8-ஆம் எண் ஒபினெலின் முதுகே 2 மில்லிமீட்டருக்குக் குறைவு. அங்கிருந்து வாய் வரை சீராக இளைத்துக்கொண்டே போகும். அந்தக் கறுப்புக் கத்தி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். வாய்க்கு மிக அருகே வரும்வரை அதே தடிமன்தான். ஒரு கேரட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மெல்லிய அலகு ஓசையின்றி இறங்கும். தடித்த அலகு பாதிவரை போய் ஆப்பு மாதிரி பிளக்கும். 'டக்'கென்று துண்டு தெறிக்கும். எவ்வளவு தீட்டினாலும் இது மாறாது. கடைக்குக் கேரட்டோடு போக முடியாதவர்கள் அலகை நுனிப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே போதும்.

துவைச்சலில்தான் கண்ணை நம்ப முடியாது. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, பிறகு 200 டிகிரி சுமாருக்கு மறுபடி இதமாகச் சூடாக்கி எடுப்பார்கள். முதலாவதில் கடினம் வரும். இரண்டாவதில் நொறுங்கும் குணம் குறையும். இது சரியில்லை என்பது பத்து அட்டைப்பெட்டி வெட்டியபிறகுதான் தெரியும். வாய் மடங்கினால் பதம் இளசு. பொடிப்பொடியாகப் பெயர்ந்தால் பதம் முறுகிவிட்டது. ஆகவே இங்கே மட்டும் செய்தவரின் பெயரையும், அவர் எஃகின் பெயரைச் சொல்கிறாரா என்பதையும் நம்பவேண்டியிருக்கிறது. "சர்ஜிகல் ஸ்டீல்" என்று மட்டும் போட்டிருந்தால் ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். "440" என்று மட்டும் போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். 440ஏ-யில் கரிமம் அதிகபட்சம் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95-க்குக் குறையாது. சி-யைப் போட்டவன் அந்த எழுத்தைப் பொறிக்க மறக்கமாட்டான். சீனத்து எஃகுப் பெயர்கள் உண்மையில் நேர்மையானவை: 8சிஆர்13 என்றால் கரிமம் 0.8 சதவீதத்தை ஒட்டி, குரோமியம் 13-ஐ ஒட்டி. அதே வரிசையில் 3சிஆர்13 என்று கண்டால் கரிமம் 0.3 சதவீதம்தான், அடிக்கடி தீட்டத் தயாராக இருங்கள்.

அலகில் அலையலையாகக் கோடு போட்டு 'டமாஸ்கஸ்' என்று விற்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் போனது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கும் மலிவு விலைக் கத்தியின் கோலத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பெரும்பாலும் மேல்தோலில் அச்சடித்தது. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் கோடு போய்விடும்.

ஒபினெலிலும் குறை இருக்கிறது. மரம் ஈரம் குடிக்கும். மழைக்காலத்தில் பிடி உப்பி, அலகு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் வரும். சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு கைவேலை வைத்திருக்கிறார்கள். பிடியின் பின்முனையை மேசைமேல் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே தலைகாட்டும், பிறகு இழுத்துக்கொள்ளலாம். நிழலில் காயவைத்து, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிவந்தால் தொந்தரவு குறையும். இது நம்மால் சரிசெய்யக்கூடிய குறை என்பதால் எனக்குக் கோபமில்லை.

வாங்குவதானால் இரண்டு வகை உண்டு. அலகில் 'கார்போன்' என்று பொறித்தது சாதாரண எஃகு. தீட்ட எளிது, கூர் அருமையாக ஏறும். ஆனால் மாங்காயோ எலுமிச்சையோ வெட்டினால் உடனே கறுக்கும். ஈரத்தோடு வைத்தால் மறுநாள் துரு. 'இனாக்ஸ்' என்பது துருப்பிடிக்காதது. சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு யோசனையே வேண்டாம், இனாக்ஸ்தான். கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற, துடைத்துவைக்கிற பழக்கம் உள்ளவர்கள் கார்போன் வாங்கலாம்.

எதை வாங்கினாலும் தெருவில் வருகிற சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் படாமல் சுற்றுகிற கல்லில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். விளிம்பில் நீல நிறம் ஓடினால் அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது; திரும்ப வராது. ஈரக் கல்லில் கையால் தீட்டுங்கள்.