பொய்த்த ஆய்வும் நோயாளியின் உயிரும்

மருத்துவ ஆய்விதழில் அச்சேறும் கட்டுரை அறிஞர்களின் வாசிப்போடு நின்றுவிடுவதில்லை. அது சிகிச்சை நெறிமுறையாகி, மருத்துவரின் கட்டளையாகி, இறுதியில் நோயாளியின் உடலில் மருந்தாக ஏறுகிறது. எனவே பொய்த்த ஆய்வைத் திரும்பப் பெறுவது மட்டும் போதாது. அது சென்று சேர்ந்த இடமெல்லாம் தேடித் திருத்துவதும் கடமையாகும்.

ஜெர்மானிய மயக்கவியல் வல்லுநர் யோவாகிம் போல்ட்டின் வரலாறு இதற்குச் சான்று பகரும். குருதியிழப்பை ஈடுகட்ட ஏற்றப்படும் ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் கரைசலுக்கு ஆதரவாக அவர் எழுதிக் குவித்தார். 2009-இல் வெளியான கட்டுரையொன்றில் அளவீடுகள் இயல்புக்கு மாறாகச் சீராக இருந்ததைக் கண்ட வாசகர்கள் இதழாசிரியருக்கு எழுதினர். விசாரணைக்குப் பின் 2010-இல் அது திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டே, அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெறாதவை என்று அவருடைய 80-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பல ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் கூட்டாக விலக்கினர்.

அதன் விளைவு 2013-இல் வெளிப்பட்டது. கவலைக்கிடமான நோயாளிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த அறிஞர்கள், போல்ட்டின் ஏழு ஆய்வுகளை நீக்கிக் கணக்கிட்டனர். அக்கரைசல் பெற்றோரிடையே இறப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் மிகுந்திருந்தமை அக்கணக்கில் தெளிவாயிற்று. அந்த ஏழையும் சேர்த்துக் கணித்தபோது இறப்பின் மிகுதி அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அக்கரைசலின் விற்பனை அனுமதியை நிறுத்திவைக்க முடிவெடுத்தது 2022-இல்தான். இடைப்பட்ட காலத்தின் சுமையைத் தாங்கியவர்கள், ஆய்விதழ் என்ற ஒன்றையே அறியாத நோயாளிகள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றால் இதழின் மதிப்பு குறையும் என்று அஞ்சுவோர் உளர். குற்றத்தை மூடிவைக்கும் இதழே மதிப்பிழக்கும். நேர்மையான பிழையை ஒப்புக்கொள்ளும் ஆய்வாளரையும் புள்ளிவிவரத்தைப் புனைந்தவரையும் ஒரே தட்டில் வைப்பதும் அநீதியே. ஆகவே திரும்பப் பெறும் அறிவிப்பு காரணத்தை ஐயமறக் கூறவேண்டும்.

அறநெறி ஒப்புதலையும் மூலத் தரவுகளையும் அச்சிடுமுன்னரே இதழ்கள் சரிபார்க்க வேண்டும். புகார் எழுந்தால், பணிபுரியும் நிறுவனம் தன் ஊழியரைக் காக்க முற்படாமல் விசாரணைக்கு வழிவிட வேண்டும். விலக்கப்பட்ட ஆய்வைச் சேர்த்துக் கணித்த தொகுப்புகளும் நெறிமுறைகளும் தாமதமின்றி மீண்டும் கணிக்கப்பட வேண்டும். அறிவிப்பை வெளியிட்டதோடு கடமை முடிந்ததெனக் கருதும் இதழ், நோயாளிக்குச் செய்யவேண்டியதில் பாதியைக்கூடச் செய்யவில்லை.