ஓர்கான் எழுத்தின் பிறப்பு

மங்கோலிய நாட்டில் ஓர்கான் ஆறு பாயும் சமவெளியிலே, பத்தடிக்கு மேல் ஓங்கிய கல்லொன்று பல நூற்றாண்டுகள் படிப்பாரின்றி நின்றது. துருக்கிய இளவரசன் குல் தெகின் என்பானின் நினைவாக, அவன் தமையன் பில்கே ககான் கி.பி. 732-இல் நாட்டிய கல் அது. ஒரு முகத்தில் சீன எழுத்து. ஏனைய முகங்களில் நேர்கோடுகளாலாய வேறோர் எழுத்து. வட ஐரோப்பியரின் பழைய ரூன் எழுத்தைப் போலத் தோன்றியமையால் இதனையும் அறிஞர் ரூன் எழுத்து என்றே வழங்கினர். தோற்றத்தின் ஒப்புமையன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததற்குச் சான்று இல்லை.

1889-இல் உருசிய ஆராய்ச்சியாளர் யாத்ரிந்த்சேவ் இக்கல்லைக் கண்டு வெளிப்படுத்தினார். 1893-இல் தென்மார்க்கு நாட்டறிஞர் வில்கெல்ம் தாம்சன் அவ்வெழுத்தைப் படித்தார். வானத்தைக் குறிக்கும் ‘தெங்ரி’ என்பது அவருக்கு முதலில் பிடிபட்ட சொற்களுள் ஒன்று. எழுத்து விளங்கிற்று, அதன் பிறப்பைப் பற்றிய வழக்கோ இன்றும் ஓயவில்லை.

இது துருக்கியரின் குலக்குறிகளினின்றும் தோன்றியது என்பர் அரிஸ்தோவ் முதலியோர். கால்நடைக்குச் சூடிடும் குறிகளே எழுத்தாயின என்பது அவர் கொள்கை. இது கேட்பதற்கு இனியது. ‘ஒக்’ என்றால் அம்பு. அவ்வொலிக்குரிய எழுத்தும் அம்பு வடிவினதே. ஆயினும் முப்பதுக்கு மேற்பட்ட எழுத்துகளுள் இவ்வாறு பொருந்துவன மிகச் சிலவே. சிலவற்றைக் கொண்டு அனைத்தையும் அளந்துவிடுதல் ஆராய்ச்சியாகாது.

தாம்சனோ, இதன் மூலம் மேற்காசியாவின் அரமேய எழுத்து என்றார். அவ்வழி வந்த சோக்திய எழுத்தை வணிகர் துருக்கியரிடையே கொணர்ந்தனர். 1956-இல் கண்டெடுக்கப்பட்ட புகுத் கல்வெட்டு இதற்கு வலுவூட்டுகிறது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த அத்துருக்கிய அரசுக் கல்லில் துருக்கிய மொழியே இல்லை. சோக்திய எழுத்தும், நம் நாட்டிலிருந்து சென்ற பிராமி எழுத்துமே உள்ளன! தமக்கென எழுத்துடையார் பிறர் மொழியில் தம் அரசர் புகழைப் பொறிப்பரோ? ஆகவே, கடன் கொண்டனர் என்பதே பொருத்தமுடைத்து.

அவ்வாறு கூறுவது துருக்கியர்க்கு இழுக்கென்று சிலர் வருந்துவர். அவர்கள் எழுத்தின் உள்ளமைப்பை நோக்கினாரல்லர். துருக்கிய மொழியில் ஒரு சொல்லின் உயிர்கள் நாவின் முன்புறத்தனவாகவோ பின்புறத்தனவாகவோ ஓரினமாய் அமைவது பெரும்பான்மை. இதனை உணர்ந்தவர், எட்டு உயிரொலிகளுக்கு நான்கே குறிகளை வைத்து, மெய்கள் பலவற்றுக்கு இவ்விரண்டு வடிவங்களைப் படைத்தனர். ‘அத்’ என்பது குதிரை. ‘எத்’ என்பது இறைச்சி. இரண்டிலும் வரும் தகர மெய்க்கு வெவ்வேறு வடிவம். உயிர்க்குறியை எழுதாது விட்டபோதும் மெய்யே உயிரின் இனத்தைக் காட்டிவிடும். இவ்வமைப்பு அரமேயத்திலும் இல்லை, சோக்தியத்திலும் இல்லை. கோடுகளைக் கடன் கொடுத்தவர் இதனைக் கொடுத்திலர்.

குல் தெகின் கல்லில், இருபது நாள் இருந்து எழுதியவன் யோல்லுக் தெகின் என்ற செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அவனுக்கு முன்னே, அம்மெய்களுக்கு இரட்டை வடிவம் வகுத்தவன் பெயரை எந்தக் கல்லும் கூறவில்லை.