ஆட்டுக்கு உண்டு, நமக்கு இல்லை

ஆபீஸ் வாசலில் உப்பு, மிளகாய்த்தூள் தடவிய கொய்யாவை அலட்சியம் செய்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவரா நீங்கள்? ஒரு நிமிஷம்.

ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யை, தினம் கிராம் கணக்கில், தானே தயாரித்துக்கொள்கிறது. நமக்கு அந்த ஜீன் என்றைக்கோ ரிப்பேர். சாப்பாட்டில் கிடைக்கிற சில மில்லிகிராமை வைத்து எப்படி ஓட்டுகிறோம்?

2008-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் 'செல்' என்ற ஆராய்ச்சி இதழில் ஒரு பதில் சொன்னார்கள். சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே தூக்கி எறிந்துவிடுகிறது. ஆனால் அதன் மேல் 'க்ளூட்-1' என்ற புரதக் கதவுகள் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். அசலில் சர்க்கரைக்கான கதவு. ஸ்டொமாட்டின் என்று இன்னொரு புரதம் வந்து ஒட்டிக்கொண்டதும் சர்க்கரைக்கு மரியாதை குறைகிறது; உழைத்துக் களைத்த வைட்டமின் சி-க்கு ராஜோபசாரம். உள்ளே போனதும் அதைப் பழையபடி புதுசாக்கிவிடுகிறது. வைட்டமினைத் தானே தயாரிக்கும் சுண்டெலிக்கு, வளர்ந்தபின் சிவப்பணுவில் இந்தக் கதவே கிடையாது. தேவையில்லையே!

சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அதுவரை ரிப்பேர் வேலை பார்க்கும், சரி. புதுச் சரக்கு மாதக்கணக்கில் வராவிட்டால் ஈறில் ரத்தம்தான்.

கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம். கூப்பிடுங்கள் கொய்யாக்காரரை!