பனியில் கூட வரும் நாய்

மார்கழி மாதம் விடியற்காலையில் உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஏறினால், எதிரே வருகிற ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிவார். தலையில் மஃப்ளர், வாயில் வேப்பங்குச்சி, பின்னால் ஒரு நாய். அந்த நாயை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அதுவாக வரும், அதுவாகத் திரும்பும்.

தமிழில் இதற்கும் பனி என்றுதான் பெயர், இமயமலையில் முழங்கால் அளவு கொட்டிக் கிடப்பதற்கும் பனி என்றுதான் பெயர். அங்கேயும் நாய் கூட வருகிறது. ஆனால் ஏரிக்கரை நாய்க்கு வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மலை நாயின் கதை வேறு.

குளிர்கால ட்ரெக்கிங் என்று இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் உத்தராகண்ட் போகிறார்கள். கேதார்காண்டா என்ற சிகரம், சுமார் 12,500 அடி. சாங்க்ரி கிராமத்தில் நடை தொடங்கும்போதே ஊர் நாய்கள் சேர்ந்துகொள்ளும். முதல் பிஸ்கட் அங்கேயே விழுந்துவிடும். ஆளாளுக்குப் போட்டோ வேறு!

வெளிநாட்டில் புதுப்பனியில் நடக்க ஸ்னோஷூ என்று ஒன்றைக் காலில் கட்டுகிறார்கள். அகலமான சட்டம், உடம்பின் பாரம் பரவுவதால் கால் புதையாது. சேற்றில் பலகை போட்டு நடக்கிற அதே தந்திரம். நாய்க்கு அந்த வசதி ஏது? புதுப்பனியில் நெஞ்சு வரை இறங்கிவிடும். அதனால்தான் மனிதர் மிதித்த தடத்திலேயே பின்னால் வருகிறது. விரல் இடுக்கில் பனி உருண்டை உருண்டையாக ஒட்டி இறுகும், பாதம் வெடிக்கும். நொண்டிக்கொண்டே வருகிற நாயைப் பார்த்து 'என்ன விசுவாசம்!' என்கிறார்கள். விசுவாசமா, பசியா என்று யாரும் கேட்பதில்லை.

பனிமலையில் நாயோடு நடந்தவர்களில் முதல் ஆள் தர்மர்தான். மகாபாரதத்தின் கடைசியில் திரௌபதியும் தம்பிகளும் ஒவ்வொருவராக விழுந்த பிறகு மிஞ்சியது அந்த நாய் மட்டுமே. நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்று இந்திரன் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். (வடதமிழ்நாட்டு பாரதக் கூத்து பெரும்பாலும் துரியோதனன் படுகளம், தீமிதி, பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிடுவதால், பாவம், இந்த நாய்க்கு மேடை கிடைப்பதில்லை.) நம்பிக் கூட வந்ததை நடுவழியில் விடுவது பாவம் என்பது அவர் கட்சி. இன்றைய ட்ரெக்கிங் கோஷ்டியோ மேலே கூடாரம் வரை பிஸ்கட் போட்டு இழுத்துப்போய், இறங்கும்போது வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் நாயை மறந்துவிடுகிறது.

'நாய் வழி காட்டும், துணைக்கு நல்லது' என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த மலை கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. அங்கே பசித்த நாய் பிஸ்கட்டோடு நிற்காது, காட்டு விலங்கைத் துரத்தும். நோயையும் கொண்டுபோகும். 2018-ல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அவற்றில் பலவற்றிடம் கண்டுபிடிக்கப்பட்டது நாய்களுக்கு வழக்கமாக வருகிற டிஸ்டெம்பர் வைரஸ்.

இதெல்லாம் வடக்கே நடக்கிற சங்கதி என்று உத்திரமேரூர்க்காரர்கள் ஒதுங்கிவிட முடியாது. கொஞ்ச தூரத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன, 2022-ல் இரண்டுமே ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே வருகிற பறவைகள் சரணாலய எல்லையைப் பார்த்தா இரை தேடும்? சுற்றியிருக்கிற ஏரியிலும் வயலிலும்தான் இறங்கும். அவிழ்த்துவிட்ட நாய் தண்ணீர் ஓரத்தில் ஒரு ஓட்டம் ஓடினால் போதும், மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும். நாய்க்கு விளையாட்டு, பறவைக்குத் தின்ற இரை வீண். ஆள்காட்டிக் குருவியோ தரையிலேயே முட்டையிடுகிறது. பங்குனி, சித்திரையில் அந்த முட்டைகளுக்கு நாயைவிட வேறு எமன் வேண்டாம்.

நாயை வீட்டில் பூட்டிவைக்கச் சொல்லவில்லை, அதற்கும் காலை நடை வேண்டும். கரைமேல் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். மலைக்குப் போகிறவர்கள் ஏறும்போது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருக்கலாம். ஆசையாக இருந்தால் இறங்கி வந்து ஊருக்குள் போடட்டும். அப்படியும் ஒரு நாய் கூடவே ஏறிவிட்டால், அது ஊர் திரும்பும் வரை வண்டிக்காரர் கொஞ்சம் காத்திருக்கட்டும். வேடந்தாங்கல்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அவர்களிடம் போய் இது கஷ்டம் என்று சொல்லிப் பாருங்கள்.